மஞ்சள் விளக்கின் கீழ்

"காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்ல."

"குளிர், நடுக்கம்?"

"இல்ல."

"உடம்புல அரிப்பு, தடிப்பு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

மூச்சு விடாமல் மூன்று பொய்கள். கட்டிலோரம் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவன் பையின் வாயை இறுக்கிச் சுருட்டினான். நர்ஸ் வெப்பமானியை வைத்து எடுத்தாள். சரியாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே? வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மனைவி காய்ச்சல் மாத்திரையை விழுங்கியிருந்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்ததே அவன்தான்.

மறுநாள் காலை அவளுக்கு அறுவை சிகிச்சை. பெருங்குடலை மொத்தமாக எடுக்கப் போகிறார்கள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட வந்த நோய் அது. பெருங்குடல் முழுக்கப் புண். அடங்கியிருக்கும், திடீரென்று கிளம்பும், ரத்தமாகப் போகும். எந்தத் தெருவில் எந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது, எந்த வங்கியின் காவலாளி கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன கோடையில் குழாய் விட்டுப் பார்த்தபோது குடலின் உட்தோலில் சில செல்கள் கெட்ட வழிக்குத் திரும்பத் தொடங்கியிருப்பது தெரிந்தது. புற்றாக மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், அதன் பிறகு மலம் வெளியேற வயிற்றில் ஒரு வாய் வைத்துப் பை மாட்டுவோம் என்றார் அறுவை டாக்டர். அடுத்த நாள் எழுந்ததும், "கக்கூஸைத் தேடி நான் ஓடினது போதும். இனிமே அது என்கூடவே வரட்டும்" என்றாள். அவ்வளவுதான். முடிவெடுத்துவிட்டாள்.

ஆனால் நாள் அமையவில்லை. முதல் தடவை சளி என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை டாக்டருக்கே உடம்பு சரியில்லை. இரண்டு தடவையும் இதே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். இரண்டு தடவையும் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகவே முந்தின நாள் சாயங்காலம் பற்கள் தந்தியடிக்க, இரண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்கியபோதும் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஆஸ்பத்திரியில நீ மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு."

அவன் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

*

அவர்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில். பனியன், பை, ஸ்டிக்கர், கடைப் பலகை என்று எது வந்தாலும் அச்சடிப்பார்கள். முன்னறையில் மேஜையும் மையும் அவன் பொறுப்பு. பின்னறை அவளுடையது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் மருந்து பூசி, காயவைத்து, படத்தை ஏற்றுவது அங்கேதான். அந்த மருந்துக்கு வெள்ளை வெளிச்சம் ஆகாது. பட்டால் துணி வீணாகிவிடும். அதனால் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே எரிவது மஞ்சள் குழல்விளக்கு.

வாடகைக்கு எடுத்தபோது பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. வேலை கூடியபோது பூசிய சட்டங்களைக் காயவைக்கப் பின்னறை போதவில்லை. நடையில் அடுக்கினார்கள், பிறகு சமையலறைச் சுவரோரம் அடுக்கினார்கள். சட்டங்கள் போன இடமெல்லாம் மஞ்சள் விளக்கும் கூடவே போனது. கடைசியில் படுக்கும் அறையைத் தவிர வீடு முழுக்க மஞ்சள்தான். அவள் தலை வாரும் கண்ணாடி நடையில் இருந்தது. குளியலறை விளக்கு ஒருநாள் அணைந்து போனபோது, மிச்சமிருந்த மஞ்சள் குழலையே அவன் அதிலும் மாட்டிவிட்டான். அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கண் பழகிவிட்டால் மஞ்சளில் வெள்ளை வெள்ளையாகவேதான் தெரியும்.

அரிப்பு தொடங்கியபோது மருந்தைக் குற்றம் சொன்னார்கள். பூசும் மருந்து, கழுவும் தின்னர், எதுவாக இருந்தாலும் தோலை அரிக்கும் சரக்குதானே. அவன் நல்ல கையுறை வாங்கிக் கொடுத்தான். அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். அரிப்பு நிற்கவில்லை. உள்ளங்காலைக் கட்டில் கம்பியில் தேய்த்துக்கொண்டே தூங்கினாள். உள்ளங்காலில் யார் மருந்து பூசுகிறார்கள் என்று இருவருமே யோசிக்கவில்லை.

*

நர்ஸ் போன பிறகு அவளுடைய அண்ணன் வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தான். இவனுக்கு மச்சான். வந்ததும் வாயைத் திறந்துவிட்டான்.

"என்ன மாப்ளே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஆபரேஷன் உனக்கா, அவளுக்கா?"

"உக்காரு மச்சான்."

"எங்க உக்காருறது? இருக்கிற ஒரு ஸ்டூலையும் பைக்குக் கொடுத்துட்டீங்க." கட்டில் காலில் சாய்ந்து நின்று தங்கையைப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் சற்று நிறுத்தினான். "ஏய், மூஞ்சில என்னத்தப் பூசியிருக்க?"

"ஒண்ணும் பூசல."

"கண்ணுலயும் பூசியிருக்கியே."

"அந்த ரூம் லைட்டுலயே கிடந்து கிடந்து ஊறிப்போச்சுண்ணே" என்றாள் அவள். "நீ முதல்ல உன் வேனைக் கழுவு. அதோட நிறம் என்னன்னு அதுக்கே மறந்திருக்கும்."

மச்சான் சிரித்தான். அவனுக்குச் சிரிக்க ஒரு சாக்கு போதும். ஆனால் இவன் திரும்பிப் பார்த்தான்.

கட்டில் ஜன்னலோரம் இருந்தது. சாயங்கால வெயில் இன்னும் விழவில்லை, வெறும் வெளிச்சம். அவள் தலையணை உறை வெள்ளை. அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் அவள் விழியின் வெள்ளை இருந்தது. இரண்டும் ஒரே வெள்ளை இல்லை.

வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் மை விழுந்தாலும் அச்சு வேலையை நிறுத்திவிடுகிறவன் அவன். வாடிக்கையாளர்கள் அதற்காகவே தேடி வருவார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளாகத் தினமும் இவள் முகத்தைப் பார்த்திருக்கிறான்.

மச்சான் தேநீர் வாங்கப் போனதும் அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லிடலாம்" என்றான்.

"எதை?"

"காய்ச்சலை. அரிப்பை. உன் கண்ணு மஞ்சளா இருக்கு."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

"முதல் தடவையே டாக்டர் சொன்னார்ல, ரத்தத்துல ஈரல் கணக்கு கொஞ்சம் கூட இருக்குன்னு."

"மாத்திரையால இருக்கும்னும் அவரேதான் சொன்னார். அதை மட்டும் மறந்துட்ட." அவள் குரல் தணிந்தது. "இங்க பாரு. சொன்னா என்ன பண்ணுவாங்க? தள்ளி வைப்பாங்க. அந்த செல்லு எனக்காகத் தள்ளி உக்காருமா? நான் செத்தா அதுல சாகணுமா, இதுல சாகணுமான்னு நான்தானே முடிவு பண்ணணும்."

"சாகுறதைப் பத்தி யாரு பேசினா?"

"நீதான். வாயத் திறக்காமலே பேசிட்டு இருக்க. உன் மூஞ்சி அப்படி." அவன் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். "மூணாவது தடவையும் இந்தப் பையைத் தூக்கிட்டு என்னால பஸ் ஏற முடியாதுப்பா. நிஜமா முடியாது."

மச்சான் தேநீரோடு வந்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது கணவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குடித்தான், ருசி தெரியவில்லை.

*

காலையில் பச்சை உடுப்புக்காரர்கள் இருவர் வந்து அவளைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். மச்சானைக் கூடத்திலேயே நிறுத்திவிட்டு, அறுவை அரங்குக்கு முன்னாலிருந்த காத்திருப்பு அறை வரைக்கும் இவனை மட்டும் விட்டார்கள்.

கதவைத் திறந்ததும் அவன் கால் நின்றுவிட்டது.

உள்ளே மஞ்சள் வெளிச்சம். நோயாளிகள் பதறக்கூடாது என்று இதமான விளக்கு போட்டிருந்தார்கள். சுவரும் திரையும் கூட இளமஞ்சள். வீட்டின் நடை மாதிரியே இருந்தது. அவள் முகம் சட்டென்று தெளிந்துவிட்டது. எந்தக் குறையும் இல்லாத முகம். தினமும் அவன் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். நடுவயதுப் பெண்மணி. பேச்சில் அவசரம் இருந்தாலும் சிரிப்பு இருந்தது.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல டாக்டர்."

"எனக்கே பயமா இருக்கும், உங்களுக்கு இல்லையா? பல்லு எதுவும் ஆடலையே? ராத்திரி ஒண்ணும் சாப்பிடலையே?" வாயைத் திறக்கச் சொன்னார். கண்ணிமையை இழுத்து ஒரு நொடி பார்த்தார். "கண்ணு சோர்ந்து கிடக்கு. தூங்கலை போல."

"ஆமா டாக்டர். தூங்கலை."

"சரி. காய்ச்சல், சளி, வேற எதுவும் இல்லையே?"

"இல்ல."

போர்வைக்கடியில் அவள் கை அவன் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது. பிடித்து நெரித்தது. டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். பச்சை உடுப்புக்காரர் வண்டியின் பூட்டை மிதித்து விடுவித்தார்.

இந்த வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. அடுத்த கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளை விளக்கு எரியும், ஆனால் அதற்குள் இவள் கண்ணை மூடியிருப்பாள்.

"டாக்டர்" என்றான்.

நெரிப்பு இறுகியது.

"முந்தாநாள் குளிர்காய்ச்சல் வந்துச்சு. உதறி எடுத்துச்சு. நேத்தும் மாத்திரை போட்டிருக்கா. உடம்பெல்லாம் அரிப்பு, ரொம்ப நாளா. கண்ணு மஞ்சளா இருக்கு. இங்க தெரியாது. ஜன்னல்கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்க."

இவ்வளவையும் ஒரே மூச்சில், யாரோ சொல்வதைப் போலச் சொன்னான். டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. அவள் உடுப்பின் முழுக்கையை மேலே தள்ளிப் பார்த்தார். நகக்கீறல்கள் முழங்கை வரை ஓடின, சில ஆறியும் சில ஆறாமலும்.

"வண்டியத் திருப்புங்க" என்றார்.

அவள் அவன் விரலை விட்டாள். அவன் அந்தக் கையைத் தேடியபோது, "கைய எடு" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

அன்று மத்தியானத்துக்குள் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் டாக்டர் என்று ஒருவர் புதிதாக வந்தார். இளைஞர். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து சொன்னார்.

"இந்தக் குடல் நோய் இருக்கிறவங்கள்ல கொஞ்சம் பேருக்கு ஈரல்லயும் பிரச்சனை வரும். ஈரலுக்குள்ள பித்தம் ஓடுற சின்னச் சின்னக் குழாய்ங்க இருக்கு. அது அங்கங்க இறுகி அடைச்சுக்கும். பித்தம் போக வழியில்லாம ரத்தத்துல கலக்கும். அதனாலதான் அரிப்பு, அதனாலதான் மஞ்சள். தேங்கின பித்தத்துல கிருமி சேர்ந்தா குளிர்காய்ச்சல். உங்களுக்கு இது ரொம்ப நாளா சத்தமில்லாம நடந்துட்டு இருக்கு. ஈரல்ல தழும்பே விழுந்திருக்கு."

"இன்னைக்கு ஆபரேஷன் பண்ணியிருந்தா?" என்று மச்சான் கேட்டான்.

வாசலில் நின்றிருந்த அறுவை டாக்டர்தான் பதில் சொன்னார். "என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ரத்தம் உறையாம போயிருக்கலாம். ஈரல் சுத்தமா கையை விரிச்சிருக்கலாம். ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆனா நான் அந்த வயித்தைத் திறந்திருக்கக் கூடாது."

"அப்ப எப்போ?" என்றாள் அவள். கையை எடுக்கச் சொன்ன பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"கிருமி அடங்கணும்" என்றார் அறுவை டாக்டர். "வாய் வழியா குழாய் விட்டு அடைப்பை விரிச்சு விடுறோம். அப்புறம் பாக்கலாம். இன்னொரு விஷயம். பை வைக்கிறதா சொன்னோம் இல்லையா? ஈரல் தழும்பேறினவங்களுக்கு வயித்துல வெக்கிற அந்த வாயைச் சுத்தி ரத்தநாளம் புடைச்சுக்கிட்டு என்னைக்காவது உடைஞ்சு கொட்டும். அதனால உள்ளேயே சிறுகுடலை மடிச்சு, பை மாதிரி தைக்கலாம்னு யோசிக்கிறோம். பெரிய வேலை. ரெண்டு தடவையா பண்ணணும். இடையில கொஞ்ச நாளைக்கு மட்டும் வெளியே பை இருக்கும்."

அவள் கூரையைப் பார்த்தாள். "அந்தப் பையோட வாழ்க்கை பூரா ஓட்டலாம்னு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். அதையும் கெடுத்துட்டாரு" என்றாள், அண்ணனைப் பார்த்து.

கெடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

*

குழாய் விட்டு அடைப்பை விரித்த பிறகு, வீடு திரும்பிய அன்றே அவன் நடையிலும் சமையலறையிலும் குளியலறையிலும் இருந்த மஞ்சள் குழல்களைக் கழற்றினான். சட்டங்களைப் பின்னறைக்குள் திணித்தான். பாதி வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினான். வெள்ளை விளக்கில் வீடு வேறு யாருடைய வீடு மாதிரியோ இருந்தது. சுவரெல்லாம் அழுக்கு.

அவள் அவனிடம் பேசவில்லை. தினமும் வந்துபோன மச்சானுக்குத் தூதுவர் வேலை.

"அண்ணே, அவர்கிட்ட சொல்லு, ரெண்டாம் நம்பர் சட்டத்தைக் கழுவாம வெச்சிருக்காரு."

"மாப்ளே, ரெண்டாம் நம்பர் சட்டம்."

"கேட்டுச்சு மச்சான்."

"கேட்டுச்சாம்."

"கேட்டா போதுமா, கழுவணும்னு சொல்லு."

"என்னை ஏண்டி நடுவுல போட்டு வறுக்கிற? வேன்ல நாப்பது பிள்ளைங்களை வெச்சு ஓட்டுறேன், அதுங்க தேவலை."

சிரிப்பு வரும் நேரத்தில் அவள் எழுந்து குளியலறைக்கு ஓடுவாள். அந்த நாட்களில் ரத்தம் அதிகமாகியிருந்தது. ஈரல் தேற வேண்டுமென்று காத்திருந்தார்கள், குடல் காத்திருக்கவில்லை. அவள் கன்னம் உள்வாங்கியது. மோதிரம் விரலில் சுழன்றது. காய்ச்சல் திரும்ப வரவில்லை, கண் தெளிந்துகொண்டு வந்தது என்றாலும், அன்றைக்கு உள்ளே போயிருந்தால் இருந்த தெம்பு இன்று அவளிடம் இல்லை. அவள் கழிப்பறைக் கதவைச் சாத்தும் ஒவ்வொரு தடவையும் அவன் வெளியே நின்றான். தான் வாயைத் திறந்தது அவளைக் காப்பாற்றியதா, தள்ளிப்போட்டுக் கொல்கிறதா என்று யோசித்தான். யோசித்து ஒன்றும் ஆகவில்லை. கதவு திறந்ததும் தள்ளி நின்றுகொண்டான்.

ஒருநாள் திறந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மடங்கி உட்கார்ந்தாள். தரையெல்லாம் சிவப்பு. மச்சானின் வேனில், பின்னிருக்கையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனான்.

"இனிமே தள்ளிப்போட முடியாது" என்றார் அறுவை டாக்டர். "ஈரல் முன்னைக்கு இப்போ பரவாயில்ல. ஆனா நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். இப்போதைக்குப் பெருங்குடலை மட்டும் எடுத்துட்டு, வெளியே பை வெக்கிறேன். உள்ளே தைக்கிறதெல்லாம் உடம்பு தேறினப்புறம். முதல் சில நாள் கண்டம். கண்ணு திரும்ப மஞ்சளாகுதா, வயிறு வீங்குதா, பேச்சு குழறுதா, இதைத்தான் பாக்கணும்."

உள்ளே கொண்டுபோகும்போது அதே இதமான விளக்கு. அதே டாக்டர் அம்மா. "காய்ச்சல்?" என்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள். நாட்கணக்கில் பார்க்காத பார்வை.

"இவரைக் கேளுங்க" என்றாள்.

"இல்ல டாக்டர்" என்றான். அது உண்மை.

*

வெளியே வந்த அறுவை டாக்டர் மூக்கின் மேல் முகமூடி பதிந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டே, "ரத்தம் நிறையப் போச்சு. நிறையக் கொடுத்தோம். முடிச்சாச்சு. இனி ஈரல் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவனையும் மச்சானையும் சேர்த்து உள்ளே விட்டது இரண்டு நாள் கழித்துத்தான். வெள்ளை விளக்குகள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய், கையில் குழாய், போர்வைக்கடியில் வயிற்றின் வலப்பக்கம் சின்ன மேடு. அதுதான் பை.

அவன் குனிந்தான். மெல்ல அவள் கீழிமையை இழுத்தான். பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"என்ன மாப்ளே, எப்படி இருக்கு?"

"தெரியல" என்றான். "மச்சான், நீ பாரு."

"நானா? வண்டி நிறமே எனக்குத் தெரியாதுன்னு இவ சொல்லுவா."

"நீதான் அன்னைக்கு முதல்ல பார்த்த. நீ பாரு."

வேன்காரன் பயந்து பயந்து குனிந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். தலையணையைப் பார்த்தான், தன் ஓட்டுநர் சீருடையின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான், திரும்பவும் கண்ணைப் பார்த்தான். இவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கண் திறந்தது.

"என்ன, ரெண்டு பேரும் பிழை திருத்துறீங்களா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. குழறவில்லை.

"வெள்ளைதான் மாப்ளே" என்றான் மச்சான். "என் சட்டையை விட வெள்ளை."

"அது பெரிய விஷயமா" என்றாள்.

அவன் கம்பியை விடவில்லை. நர்ஸ் வந்தாள். சொட்டு மருந்தைச் சரிபார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"வலி இருக்காம்மா?"

"இல்ல."

அவன் வாயைத் திறந்தான். அவள் கை போர்வைக்கு வெளியே வந்து அவன் சுண்டுவிரலைப் பிடித்தது. நெரிக்கவில்லை. நெரிக்கும் பலம் அதில் இல்லை.

"சரி, சொல்லு" என்றாள். "நீ சொல்லாம விடவா போற?"

"நிறைய இருக்கு சிஸ்டர்" என்றான்.